புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்களின் விவரப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்

உங்கள் மகள் இளங்கலையில் இயற்பியல் படித்திருக்கிறாள். இப்போது உயிரியல் பக்கம் போக ஆசைப்படுகிறாள், பிற்பாடு பல்கலைக்கழக விரிவுரையாளராக வேண்டும் என்கிறாள். "பாடத்தை மாற்றினால் நாளைக்கு வேலைக்கு எடுப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்கு வரவேண்டிய கவலைதான் இது.

இந்த மாதிரிச் சமயத்தில் தெரிந்த மூத்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்பதுதான் வழக்கம். அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்து 25, 30 வருடம் ஆகியிருக்கும். இன்றைக்கு யாரை எடுக்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் என்ன படித்தார்கள், எதில் ஆய்வு செய்கிறார்கள் என்பதைப் பெரும்பாலான துறைகள் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

ஒரு விவரப் பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: இளங்கலை கணிதம், முதுகலை புள்ளியியல், முனைவர் பட்டம் தொற்றுநோய்ப் பரவல் பற்றி. பட்டம் வாங்கியது 2019, வேலையில் சேர்ந்தது 2024. முதலில் கண்ணில் படுவது பாடம் மாறியிருப்பது. ஆனால் இன்னும் கவனித்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தைய படிப்பு கூடவே வந்திருப்பது தெரியும். கணிதத்தை விட்டுவிட்டு அவர் மருத்துவத்துக்குப் போகவில்லை. கணிதத்தை எடுத்துக்கொண்டு போனார். மகளிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: இயற்பியலிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறாய்? அதற்கு அவளிடம் தெளிவான பதில் இருந்தால், பாடம் மாறுவதைப் பற்றி நான் அவ்வளவாகப் பயப்படமாட்டேன்.

அப்புறம் அந்த ஐந்து வருட இடைவெளி. எனக்கு உண்மையான கவலை அங்கேதான். முனைவர் பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவில் பலரும் போஸ்ட்டாக் என்ற ஒப்பந்த ஆய்வுப் பணியில் இருப்பார்கள், சிலர் இரண்டு இடங்களில்கூட. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, மறுபடி மாணவராகப் போய் உயிரியல் படித்தவர். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அப்படிப்பட்டவருக்கே போஸ்ட்டாக் முடித்த கையோடு, ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிடைக்கவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த இடைக்காலத்தில் குடும்பம் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைப் பார்க்கும்போது எண்ணிக்கையில் மயங்கவேண்டாம். பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். உயிரியல் போன்ற துறைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசைதான். இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. துகள் இயற்பியலில் கதையே வேறு. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வந்த ஒரே கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்! எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். ஒருவருடைய எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டன என்று சொல்லும் எண் அது, ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவுகோல். வருடம் ஆக ஆக ஏறும், இறங்காது. புதிதாகச் சேர்ந்தவரை அதை வைத்து எடைபோடுவது சரியில்லை.

'ஆய்வு ஆர்வங்கள்' என்ற பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அங்கேதான் அதிக நேரம் செலவிடுவேன். கட்டுரைப் பட்டியல் அவர் இதுவரை செய்ததைச் சொல்லும். ஆர்வங்கள் இனிமேல் செய்ய நினைப்பதைச் சொல்லும். ஆர்வங்களில் இருக்கிற, ஆனால் கட்டுரைகளில் இல்லாத தலைப்பு ஏதாவது கண்ணில் பட்டால், குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அநேகமாக அதற்குத்தான் அவர் ஆய்வு மாணவர்களைத் தேடுவார். மகள் நெறியாளர் தேடும் நாளில் அந்தக் குறிப்பு கைகொடுக்கும். புதியவரிடம் மாணவர்கள் குறைவாக இருப்பதால் நேரம் கிடைக்கும். ஆனால் நிதியும் கருவிகளும் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகலாம். அதையும் தயங்காமல் கேட்டுவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கங்களில் இருப்பவர்கள் எல்லாரும் வேலை கிடைத்தவர்கள். அதே தகுதியோடு விண்ணப்பித்துக் கிடைக்காதவர்களின் பெயர் அங்கே இருக்காது. அதனால் மகள் சேர நினைக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து முன்பு முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். மருந்து நிறுவனம், தரவு ஆய்வு, காப்புரிமை அலுவலகம் என்று போயிருப்பார்கள். அந்த வேலைகளில் எதையாவது மகளும் மனசார ஏற்றுக்கொள்வாளா என்று அவளிடமே கேட்டுவிடுங்கள்.

சரி, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அவளுக்குப் பிடித்த துறையில் புதிதாகச் சேர்ந்த 15 பேரின் பக்கங்களை எடுத்து, இளங்கலை, முனைவர் பட்டத் தலைப்பு, இடைவெளி ஆண்டுகள், ஆர்வங்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.