வேப்பம்பருப்புல இருந்து காட்டாமணக்கு வரைக்கும்: கேட்டதுக்கு என் பதில்

நெல்லும் உளுந்தும் போடுற ஆள் நான். பூஞ்சாண நோய்க்கு மருந்துக்கடைக்குப் போகாம இலை, கொட்டையை வச்சு என்ன செய்யலாம்னு கேட்டிருந்தீங்க.

அண்ணே, வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்னா என்ன கணக்கு?

100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. ஓடு நீக்கின பருப்பு தம்பி, கொட்டையோட எடை போட்டா கரைசல் நீர்த்துப்போயிடும். ஒண்ணும் பாதியுமா இடிச்சு 10 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறட்டும். துணியில பிழிஞ்சா பால் மாதிரி இறங்கும். மீதித் தண்ணியும் காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் அடிங்க. அதுல வேலை செய்யுற கசப்புச் சத்து அசாடிராக்டின், அது வெயிலைத் தாங்காது. வருசம் தாண்டின பழைய கொட்டை வேலைக்கு ஆகாது.

வேப்பெண்ணெய் சுலபமில்லையா?

சுலபம்தான், 3 சதவீதம், லிட்டருக்கு 30 மில்லி. ஆனா சோப்பு போடாம ஒருதடவை அடிச்சேன். எண்ணெய் தனியா மேல மிதந்து, டேங்க் காலியாகுற நேரத்துல வெறும் எண்ணெயா வந்துச்சு. கடைசி ரெண்டு வரிசை உளுந்து இலை கருகிப்போச்சு. எண்ணெயை முதல்ல சோப்போட அடிச்சு வெள்ளையாக்கிட்டு, அப்புறம் தண்ணி ஊத்துங்க.

நெல்லுல இலையுறை அழுகல். ஐயா, வேம்பு தவிர வேற?

வாய்க்கால் ஓரம் ஊதாப்பூ பூத்து நிக்குமே, நெய்வேலி காட்டாமணக்கு. அந்த இலைப்பொடிச் சாறு, இல்லேன்னா சீமைக்கருவேல் இலைப்பொடிச் சாறு. ஏக்கருக்கு 10 கிலோ பொடி. தொண்டைக்கதிர்ல, அதாவது கதிர் வெளிய வராம உறைக்குள்ள இருக்கிறப்போ ஒரு தடவை, 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை அடிங்க. ரெண்டும் நாம திட்டிக்கிட்டே வெட்டிப் போடுற செடிங்க! காட்டாமணக்கை ஆடு தின்னா விஷம், இலை காயவைக்கிற இடத்துல கட்டாதீங்க.

கதிர்க்கழுத்துல குலை நோய் வந்திருச்சு, நாளைக்கே வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?

வேண்டாம். கழுத்து கறுத்து ஒடிஞ்ச கதிர் திரும்பாது. சாறெல்லாம் நோய் தொத்துறதுக்கு முன்னாடியோ முதல் புள்ளியிலயோ மறிக்கத்தான். மத்த கதிரைக் காப்பாத்தணும்னா இன்னைக்கே வேளாண் அலுவலரைப் பாருங்க. அடுத்த போகத்துல யூரியாவைக் குறைச்சு, பிரிச்சுப் போடுங்க. தழைச்சத்து கூடினாலே குலை நோய்க்குக் கொண்டாட்டம்.

உளுந்துல சாம்பல் நோய்?

அதே வேப்பெண்ணெய், வெள்ளைப் பொடி தெரிஞ்ச உடனே, 10 நாள் இடைவெளியில ரெண்டு தடவை. நனையுற கந்தகம் (தண்ணியில கலக்கி அடிக்கிற கந்தகத்தூள்) அடிச்சிருந்தா ரெண்டு வாரம் பொறுங்க, எண்ணெயும் அதுவும் சேர்ந்தா இலை பொசுங்கும்.