14 சங்கங்கள், ஒரு கூட்டமைப்பு: யாருக்கு எத்தனை வாக்கு?

கேள்வி: எங்கள் நகரில் 14 குடியிருப்போர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. மொத்தம் சுமார் 3,000 வீடுகள். அதில் 2,000 வீடுகள் மூன்று பெரிய சங்கங்களிலேயே அடங்கிவிடும். மிகச் சிறிய சங்கத்தில் 40 வீடுதான். எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். வீட்டுக் கணக்குப்படி வாக்கு வேண்டும் என்கின்றன பெரிய சங்கங்கள். எதையும் ஒருமனதாகத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன சிறியவை. கூட்டமைப்பின் விதிகளை, அதாவது பைலாவை, மூன்று முறை திருத்தியும் கையெழுத்து விழவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பைலாவைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மூன்று முறை திருத்தியும் முடியவில்லை என்றால் குறை வாசகத்தில் இல்லை. இந்தக் கூட்டமைப்பு எதற்கு என்ற கேள்விக்கு 14 பேரும் இன்னும் ஒரே பதிலுக்கு வரவில்லை. எதற்கென்றே தெரியாத அமைப்புக்கு யாரும் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் மாட்டேன்.

அதனால் முதலில் ஒரு சின்ன வேலை. கடந்த இரண்டு ஆண்டுகளில் தன்னால் முடிக்க முடியாமல் போன விஷயங்களை ஒவ்வொரு சங்கமும் ஒரே தாளில் எழுதித் தரட்டும். பூங்கா பராமரிப்பு, காவலாளி சம்பளம், வண்டி நிறுத்தும் சண்டை இவையெல்லாம் அந்தந்தச் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டியவை. கூட்டமைப்பு அதில் தலையிட்டால் ஆறே மாதத்தில் மனக்கசப்பு வரும். மழைநீர் வடிகால், குப்பைக் கிடங்கு, பேருந்துத் தடம், குடிநீர்க் கட்டணம் போன்றவை ஒரு சங்கத்தின் எல்லையோடு நிற்பதில்லை. நான்கைந்து தாள்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்றை எடுத்து, கூட்டமைப்பு என்ற பெயரே இல்லாமல் ஒரு கூட்டுக் குழுவாக அதை மட்டும் செய்து பாருங்கள்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே 1999ஆம் ஆண்டு நகரச் சாசனத்தின் (நகர ஆட்சிக்கான அடிப்படைச் சட்டம்) வழியாக, அந்தந்தக் குடியிருப்புப் பகுதிக்கென மன்றங்கள் உருவாயின. அவற்றுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான், முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. 2004இல் நகரின் குடிநீர், மின்சாரத் துறை தண்ணீர்க் கட்டணத்தை 18 சதவீதம் உயர்த்தப் பார்த்தபோது இந்த மன்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தன. விளைவாக, நகர சபை கணக்கைத் தனியாக ஆய்வு செய்யும்வரை ஓரளவு உயர்வுக்கு மட்டுமே ஒப்புதல் தந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு கட்டணப் பிரச்சினை. எல்லோர் வீட்டுப் பில்லிலும் அது இருந்ததால் யாரையும் வற்புறுத்திக் கூட்டி வர வேண்டியிருந்திருக்காது.

சரி, வாக்குக்கு வருவோம். ஒருமனதாக என்ற யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். கேட்க நன்றாக இருக்கும்; நடைமுறையில் யாராவது ஒருவர் கையில் பூட்டுச் சாவியைக் கொடுப்பதுதான் அது. அமெரிக்காவில் இன்றைய அரசியல் சாசனத்துக்கு முன்பு, 1781 முதல் நடப்பில் இருந்த கூட்டமைப்பு விதிகளை மாற்ற 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். மைய அமைப்புக்கு வரி போடும் உரிமை கிடையாது. மாநிலங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அவை ஒழுங்காகக் கொடுக்கவும் இல்லை. போர்க் கடனை அடைக்க இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீத வரி போடலாம் என்று திட்டம் வந்தது. 1782இல் ரோட் ஐலண்டு என்ற மிகச் சிறிய மாநிலம் முடியாது என்றது. திட்டம் விழுந்தது.

அதற்காகச் சிறிய சங்கங்களின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக் கணக்குப்படி வாக்கு என்றால் உங்கள் ஊரில் மூன்று சங்கங்கள் மட்டும் கூடி எதையும் நிறைவேற்றிவிடலாம். மற்ற 11 பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போகலாம். சங்கத்துக்கு ஒரு வாக்கு என்றால் எட்டு சிறிய சங்கங்கள், 1,000 வீடுகளுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு, 3,000 வீட்டுக்கும் சேர்த்து முடிவெடுக்கும். இரண்டு பக்கத்து வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் இரண்டு அளவுகோலையும் சேர்த்து வையுங்கள்: ஒரு தீர்மானம் நிறைவேற 8 சங்கங்களாவது ஆதரிக்க வேண்டும், அந்தச் சங்கங்களில் மொத்தம் 1,500 வீடுகளாவது இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றத்தில் பெரும்பாலான விஷயங்கள் இந்த வழியில்தான் முடிவாகின்றன: 55 சதவீத நாடுகளின் ஆதரவு, அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம். உங்கள் கணக்கில் 11 சிறிய சங்கங்கள் ஒன்று சேர்ந்தாலும் ஒரு பெரிய சங்கமாவது கூட வர வேண்டும். மூன்று பெரியவையும் சேர்ந்தாலும் ஐந்து சிறியவற்றின் கதவைத் தட்ட வேண்டும். சந்தா, செலவு, விதித் திருத்தம் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த இரட்டைக் கணக்கு போதும். கூட்டத் தேதிக்கெல்லாம் வேண்டாம், கை தூக்கினால் போதும்.

வாக்கைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் வரும். உறுப்புச் சங்கங்களே ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் விஷயங்கள். ஒரு பகுதியில் கனரக வண்டிகளுக்குத் தடை வாங்கினால் அந்த வண்டிகள் பக்கத்துப் பகுதித் தெருவுக்குள் போகும். மேட்டில் இருப்பவர்கள் வடிகாலை அகலப்படுத்தினால் பள்ளத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் சீக்கிரம் வந்து சேரும். இந்த இடத்தில் பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினால் தோற்ற சங்கம் அன்றே வெளியே போய்விடும். போவதிலும் தப்பில்லை. என் யோசனை: இரண்டு உறுப்புச் சங்கங்களுக்கு இடையிலான வழக்கில் கூட்டமைப்பு தீர்ப்பு சொல்லக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த நேரத்தில் அதன் வேலை, மாநகராட்சியிடமிருந்து வரைபடத்தையும் அளவுகளையும் வாங்கி இரண்டு பேருக்கும் கொடுத்து, ஒரே மேசையில் உட்கார வைப்பது.

கடிதம் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "அனைத்துச் சங்கங்களும்" என்று எழுதாதீர்கள். தீர்மானத்தை ஆதரித்த சங்கங்களின் பெயரையும் வீட்டு எண்ணிக்கையையும் கடிதத்தின் அடியில் போடுங்கள். ஒப்புக்கொள்ளாதவர் பெயர் அதில் வராது, அவர் சண்டை போடவும் தேவையிருக்காது. அதிகாரி பார்வையிலும் "14இல் 10 சங்கங்கள், 2,300 வீடுகள்" என்பது நம்பும்படியாக இருக்கும்.

பணம். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைச் சந்தாவாக வையுங்கள். தனி வங்கிக் கணக்கு, இரண்டு வெவ்வேறு சங்கத்தாரின் கையெழுத்து. அரசு மானியத்தையோ மாநகராட்சி இடத்தையோ நம்பி நிற்காதீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பகுதிச் சங்கங்களை இணைத்து 13 வட்டார மன்றங்கள் பல ஆண்டுகள் மாநகர ஆதரவோடு இயங்கின. 2016இல் அன்றைய மேயர் எட் மர்ரி அந்த ஆதரவை விலக்கிக்கொண்டார். கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான, சொந்த வீடு உள்ள வெள்ளையர்கள், நகரத்தை அவர்கள் பிரதிபலிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் 14 சங்கங்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் உறுப்பினர்? ஒவ்வொரு சங்கமும் இரண்டு பிரதிநிதிகளை அனுப்பினால், இருவரும் ஓய்வு பெற்ற வீட்டு உரிமையாளர்களாக இருக்க வேண்டாமே.

பிரதிநிதிகள் தங்கள் சங்கத்தைக் கேட்காமல் கூட்டத்தில் எதற்கும் தலையாட்டக் கூடாது. முக்கியமான தீர்மானம் என்றால் 21 நாள் அவகாசம் கொடுங்கள், சங்கத்தில் பேசிவிட்டு வரட்டும். தலைவர் என்ற பதவியே முதல் ஆண்டில் வேண்டாம். சுழற்சி முறையில் ஒருங்கிணைப்பாளர் போதும். லெட்டர்பேட் ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்தால் தேர்தல் சமயத்தில் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பதிவு செய்வதை முதல் வேலை முடிந்த பிறகு பாருங்கள். கணக்குத் தொடங்கவும் வழக்குப் போடவும் அது தேவைப்படும். விதிகள் இடத்துக்கு இடம் மாறும், உள்ளூர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

அப்புறம், அந்தத் தாள்களை வைத்துப் பேசும் முதல் கூட்டத்தை பெரிய சங்கத்து அரங்கத்தில் வைக்காதீர்கள். 40 வீட்டுச் சங்கத்தாரிடம் போய், உங்கள் இடத்தில் நடத்துகிறீர்களா என்று கேளுங்கள். நாற்காலி பற்றவில்லை என்றால் பெரிய சங்கங்கள் கொண்டு வரட்டும்.