சோக்கை எடுத்தால் நின்றுவிடும் பழைய புல்லட்: கார்ப்பரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய 1994ஆம் ஆண்டு புல்லட் 350, நான்கு ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றிருந்தது. மெக்கானிக் ரிப்பேர் கிட் போட்டுக் கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தார். இப்போது சோக் போட்டால்தான் வண்டி ஓடுகிறது. சூடான பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை. புதுக் கார்ப்பரேட்டர் மாற்றச் சொல்கிறார். பழையதைச் சரிசெய்ய முடியாதா?

பதில்: பெரும்பாலும் முடியும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளும் ஒன்றையே சொல்கின்றன: எஞ்சினுக்குள் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்ப்பரேட்டர்; அந்தக் காலத்துப் புல்லட் 350இல் வழக்கமாக இருப்பது மிக்கார்ப் வி.எம். 24, ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பைத் தழுவிச் சென்னை யூகால் நிறுவனம் தயாரித்தது. இதில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அன்று, தனி வழியில் கூடுதல் பெட்ரோலை விடுகிற சிறிய பிளஞ்சர். ஆகவே சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால், ஐடிலிங்குக்கு (ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஓடும் நிலைக்கு) வேண்டிய பெட்ரோல் தன் வழியில் வராத குறையைச் சோக் நிரப்பிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

கிட் போட்டும் இது தீராததில் வியப்பில்லை. கிட்டில் வருபவை பேக்கிங், ஓரிங், பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசி, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஓரிரு ஜெட்டுகள். நான்கு ஆண்டு நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக உறைந்திருப்பதோ கார்ப்பரேட்டர் உடலுக்குள் குடைந்திருக்கும் நுண்வழிகளில். அந்த வழிகளைத் திறக்காமல் ஜெட்டை மட்டும் மாற்றுவது, வாய்க்கால் தூர்ந்திருக்கும்போது மதகைப் புதிதாக்குவது போன்றது. மேலும், கடைகளில் கிடைக்கும் கிட்டுகளில் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணும் உள்ளே உள்ள துளையும் பொருந்தாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மெக்கானிக்கிடம் கழற்றிய பழைய பித்தளை ஜெட்டுகள் இன்னும் இருந்தால் உடனே கேட்டு வாங்கிவிடுங்கள். துளை சிதையாதவரை, சுத்தம் செய்த பழைய ஜெட்டையே நான் நம்புவேன்.

கழற்றும் முன் இரண்டு கணக்குகளை எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலிங்குக்கான காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணுங்கள். அழுத்தித் திருகினால் அதன் கூர்முனை உடைந்து உள்ளேயே தங்கிவிடும். அடுத்தது, ஆக்ஸிலேட்டர் கேபிளால் ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் நீடிலின் (நீண்ட ஊசியின்) கிளிப் மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது என்பது. இதன் பிறகு ஜெட், ஃப்ளோட், ரப்பர் அனைத்தையும் எடுத்துவிட்டு வெற்று உடலில் மட்டும் கார்ப்பரேட்டர் கிளீனரை அடியுங்கள், ஏனெனில் அந்தத் திரவம் பட்ட ரப்பர் ஊதிப்போகும். கண்ணில் தெறித்தாலும் கேடு, ஆதலால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

வேலையின் உயிர்நாடி இனிமேல்தான். எஞ்சின் பக்கம், ஸ்லைடு அமரும் இடத்தை ஒட்டி, குண்டூசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். ஸ்லைடின் அடி விளிம்புக்குக் கீழே இன்னொன்று. ஏர் ஸ்க்ரூ துளை வழியாகக் கிளீனரை அடித்தால் இந்த இரண்டிலும், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அமரும் துளையிலும் திரவம் பீறிட்டு வர வேண்டும். எதில் வரவில்லையோ, அங்கேதான் உங்கள் ஐடிலிங் புதைந்திருக்கிறது. ஊற வைத்து, காற்றடித்து, மீண்டும் அடியுங்கள். தேவையானால் தூண்டில் நரம்பை மட்டும் நுழைக்கலாம். செப்புக் கம்பியையோ ஊசியையோ கொண்டு குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒருமுறை அகன்ற துளை சுருங்காது. உடல் துத்தநாகக் கலவை என்பதால் எலுமிச்சை, வினிகர் வைத்தியமும் வேண்டாம். அமிலம் பிசினைவிட உலோகத்தை வேகமாகத் தின்னும்.

ரேஸ் இறங்காததற்கு இதே அடைப்பு காரணமாக இருக்கலாம் என்றாலும், கேபிள் இறுக்கம், கார்ப்பரேட்டர் எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிவு, ஸ்லைடின் தேய்மானம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது ரேஸ் மாறினால் கேபிள்தான். கசிவைக் கண்டுபிடிக்க, ஐடிலிங்கில் வைத்து ஹெட்டோடு சேரும் தட்டை விளிம்பான ஃப்ளேஞ்சின் இணைப்பைச் சுற்றிப் பிரஷ்ஷால் சிறிது எஞ்சின் ஆயில் தடவுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று உறிஞ்சுகிறது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோலோ ஸ்ப்ரேயோ அடித்துப் பார்க்கும் பழக்கம் தீயை அழைப்பது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கிய வண்டிகளில் ஃப்ளேஞ்ச் வில்லாக வளைந்திருக்கும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்து, சீராகத் தேய்த்துச் சமமாக்கி, புது ஓரிங் போட்டால் போதும்.

ஸ்லைடு விஷயத்தில் மட்டும் உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கக்கூடும். அதைத் தன் இடத்தில் வைத்து விரலால் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், பக்கங்களில் ஆழமான கீறல் தெரிந்தால், அந்த இடைவெளி வழியே நுழையும் காற்றை எந்த ஜெட்டும் சரிக்கட்டாது. புது ஸ்லைடு போட்டும் ஆட்டம் குறையவில்லை என்றால் தேய்ந்திருப்பது உடல். அப்போது மட்டும் புதிது வாங்குங்கள்.

இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே 20 சதவீத எத்தனால் கலந்த எரிபொருளுக்குச் சுமார் 13.5 ஆகிறது. 1994இல் வைத்த அளவு இன்று சற்றே வறட்சியாகத்தான் (பெட்ரோல் குறைவாகத்தான்) ஓடும். எல்லாம் சுத்தமான பிறகும் பாதி ஆக்ஸிலேட்டரில் திணறினால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள்; நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். ஐடிலிங் மட்டும் வறட்சியாக இருந்தால் ஒரு படி பெரிய பைலட் ஜெட் போடலாம். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தும் முன் கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலைக் காலி செய்துவிடுங்கள்.

மாட்டும்போது ஸ்லைடின் வெட்டுப் பகுதி ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, எந்த நிலையில் ரேஸ் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் காற்று கூடும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் துரு இருந்தால் முதலில் அதை நீக்கி, பெட்ரோல் டேப்பின் வலையையும் கழுவுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திறந்த அதே துளைகள் ஒரு மாதத்தில் மீண்டும் அடைத்துக்கொள்ளும்.