தக்கோலப் போரில் இளவரசர் இறந்ததும் சோழர் படை ஏன் சிதறியது?

முதன்மைக் காரணம், யானை. 949-இல் இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானை மேலிருந்தே படையை நடத்தினான். எதிரே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன்.

அம்பாரியின் உயரத்திலிருந்து களம் முழுவதும் தெரியும். பின்வரிசையில் நிற்கும் வீரனும் நிமிர்ந்து பார்த்து, 'தலைவன் இருக்கிறான்' என்று தெம்பு கொள்வான். அதே உயரம் எதிரி வில்லாளிக்கும் குறி காட்டிவிடுகிறது. யானை மேலிருந்த இராசாதித்தனின் மார்பில் அம்பு பாய்ந்ததாகச் சோழர்களின் லெய்டன் செப்பேடு சொல்கிறது. எதிர்த் தரப்பின் ஆதகூர்க் கல்வெட்டோ அவனைக் கொன்ற பெருமையைப் பூதுகனுக்கே தருகிறது. இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: இரண்டுமே பேசுவது அந்த ஒரே சாவை.

அம்பாரி வெறுமையானால் அது களம் முழுவதற்கும் தெரிந்துவிடும். கட்டளை பிறந்த இடமே இல்லாதபோது, எஞ்சிய படை எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. தொண்டை மண்டலம் சோழர் கையைவிட்டுப் போனது.

அந்தப் படைக்குத் தலைவனோடு இருந்த பிணைப்பை எனக்கு உணர்த்துபவர் வல்லபன் என்ற கேரள வீரர். இராசாதித்தனின் நெருங்கிய தோழர். தலைவனோடு சாகவில்லையே என்று மனம் நொந்து துறவு பூண்டு, சதுரானன பண்டிதராகத் திருவொற்றியூர் மடத்தில் அமர்ந்தார். இராசாதித்தனைச் சோழர் கல்வெட்டுகள் 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' (யானை மேல் உயிர்நீத்த தேவர்) என்றே நினைவுகூர்கின்றன.