பட்டியலில் புள்ளி உட்கார ஒரு திண்ணை

கேள்வி: கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) மீன் வியாபாரம் செய்யும் என் மாமாவுக்காக வ்யூ (பக்கத்தைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி), டெயில்விண்ட் 4 (தயார் சிஎஸ்எஸ் கிளாஸ்களின் தொகுப்பு) வைத்து ஒரு வெப்சைட் செய்கிறேன். மீன் பெயர்கள் ஒரு பட்டியல், அதற்குள் துண்டு போடும் விதம், அதற்கும் உள்ளே எடையும் விலையும். முதலில் புள்ளியே வரவில்லை. லிஸ்ட்-டிஸ்க் என்ற கிளாஸைப் போட்டதும் வந்தது, ஆனால் ஃபோனில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. எல்ஐ-க்கு (பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும்) மார்ஜின்-லெஃப்ட், அதாவது இடப்பக்க வெளி இடைவெளி, 40 பிக்சல் கொடுத்தால் உள்பட்டியல் வலது ஓரத்தில் போய் ஒடுங்குகிறது. மாமா எழுதும் குறிப்புகள், எச்டிஎம்எல்லை அப்படியே பக்கத்தில் செருகும் வி-எச்டிஎம்எல் வழியாக வருகின்றன. அவற்றுக்கு என் ஸ்டைல் ஏறவே இல்லை. என்ன செய்வது?
- வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: நீங்கள் சொன்ன முதல் மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். புள்ளிக்கான இடம் யாருடையது என்பது பிடிபட்டால் மூன்றும் சேர்ந்தே தீரும்.

எந்த சிஎஸ்எஸ்ஸும் (தோற்ற விதியும்) இல்லாத வெறும் பக்கத்தில், யுஎல்-க்கு (புள்ளிப் பட்டியல் முழுவதற்கும்) இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங்கை (உள் இடைவெளியை) பிரவுசரே கொடுத்துவிடுகிறது. புள்ளி எல்ஐ-க்கு வெளியே, அந்தப் பேடிங்கின் மேல்தான் உட்காருகிறது. புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பேடிங்தான் திண்ணை, எழுத்து வீட்டுக்குள்ளே, புள்ளி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆள். திண்ணையை இடித்துவிட்டால் அந்த ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

பிரவுசரின் இயல்புத் தோற்றத்தைத் துடைக்கும் டெயில்விண்டின் ப்ரீஃப்ளைட் அதைத்தான் செய்கிறது. யுஎல், ஓஎல் (எண் போட்ட பட்டியல்) இரண்டுக்கும் புள்ளி, மார்ஜின், பேடிங் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. மெனு, கார்டு வரிசை என்று எல்லாவற்றுக்கும் யுஎல் எழுதுகிறோம் என்பதால் அது வசதியும்கூட. பூட்ஸ்ட்ராப் என்ற இன்னொரு சிஎஸ்எஸ் தொகுப்பு அப்படியில்லை, புள்ளியை விட்டுவைத்து, பேடிங்கை மட்டும் 2 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப்போல் இரு மடங்கு) ஆக்குகிறது, அதாவது வழக்கமாக 32 பிக்சல். நீங்கள் லிஸ்ட்-டிஸ்க் போட்டபோது ஆள் திரும்பி வந்தார், திண்ணை வரவில்லை. அதனால் புள்ளி திரையின் ஓரத்திலோ, வெளியே மீறுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் உள்ள பெட்டியின் விளிம்பிலோ வெட்டுப்படுகிறது.

இதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குரோமில் பட்டியல் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் திறந்து, யுஎல் வரியின் மேல் மவுஸை வையுங்கள். பேடிங் பச்சையாகத் தெரியும், மார்ஜின் ஆரஞ்சாக. உங்கள் பக்கத்தில் பச்சையே இருக்காது. ஒவ்வொரு எல்ஐ-க்கும் இடப்பக்கம் ஒரு ஆரஞ்சுப் பட்டை, உள்ளே போகப் போக இன்னொன்று, இன்னொன்று. 360 பிக்சல் அகல ஃபோனில் இரு ஓரமும் 16 விட்டால் மீதி 328. மூன்று அடுக்குக்கு 120 போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 208 பிக்சல். வஞ்சிரம், நடுத்துண்டு, சுத்தம் செய்தது என்று நீளநீளமான தமிழ்ச் சொற்கள் அதில் எப்படி அடங்கும்?

எல்ஐ மார்ஜினை அழித்துவிடுங்கள். வெளி யுஎல்-க்கு லிஸ்ட்-டிஸ்க்கோடு பிஎஸ்-5 கொடுங்கள், அது இடப்பக்கம் 20 பிக்சல் பேடிங். உள் யுஎல்களுக்கு பிஎஸ்-4 போதும், 16 பிக்சல். மூன்று அடுக்கும் சேர்ந்து 52தான் ஆகும். எழுத்துக்கு 276 கிடைக்கும். இன்டென்ட்டை எப்போதும் யுஎல்-இல் வையுங்கள், எல்ஐ-யில் வேண்டாம். புள்ளியை எல்ஐ-க்கு உள்ளேயே வைக்கும் லிஸ்ட்-இன்சைட் போட்டாலும் வெட்டு நிற்கும்தான். ஆனால் வரி மடங்கினால் இரண்டாம் வரி புள்ளிக்கு அடியில் வந்து நிற்கும். ஒரு சொல் பட்டியலுக்குப் பரவாயில்லை, குறிப்புகளுக்குப் படிக்கவே கஷ்டம்.

எண் போட்ட பட்டியல் என்றால் இந்த அளவு பத்தாது. 9 வரை சரியாக இருக்கும், 10 வந்ததும் இடப்பக்கம் முட்டும். ஓஎல்-க்கு 2 ஈஎம் (அங்குள்ள எழுத்தளவைப்போல் இரு மடங்கு) பேடிங் வையுங்கள். எழுத்து பெரிதானால் இடமும் கூடவே பெரிதாகும். லிஸ்ட்-ஸ்டைல்-டைப்பில் தமிழ் என்றே ஒரு மதிப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. அதைப் போட்டால் ௧, ௨, ௩ என்று வரும். பத்து ௰ ஆக வராமல் ௧௦ என்று வரும். தமிழ் எண்கள் அகலம் அதிகம் என்பதால் அதற்கு 2.5 ஈஎம் கொடுப்பேன். மாமாவின் விலைப்பட்டியலில் இப்படி ஒன்று இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் வி-எச்டிஎம்எல். இதன் காரணம் வேறு. ஒரு காம்போனென்ட்டுக்கு மட்டும் பொருந்தும் ஸ்கோப்டு ஸ்டைல் எழுதினால் வ்யூ உங்கள் டெம்ப்ளேட்டில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் டேட்டா-வி என்று தொடங்கும் ஓர் அடையாளத்தை ஒட்டுகிறது, சிஎஸ்எஸ் விதியிலும் அதையே சேர்க்கிறது. மாமாவின் குறிப்பு பிறகு வந்து சேர்வதால் அதில் அந்த அடையாளம் இருக்காது, விதி அதைத் தொடாது. குறிப்பைச் சுற்றியுள்ள டிவ்-க்கு ஒரு கிளாஸ் வைத்து, ஸ்டைலில் அந்தக் கிளாஸின் பின்னால், உள்ளே வந்து சேர்ந்ததையும் தொடச் சொல்லும் டீப் அடைப்புக்குள் யுஎல் என்று எழுதுங்கள். அதில் லிஸ்ட்-ஸ்டைல், பேடிங் இரண்டையும் கொடுக்க வேண்டும்; இரண்டையும்தான் ப்ரீஃப்ளைட் எடுத்துவிட்டதே. டெயில்விண்ட் கிளாஸை சிஎஸ்எஸ்ஸுக்குள் இழுக்கும் அப்ளையை அங்கே எழுதாமல் நேரடி சிஎஸ்எஸ்ஸாகவே எழுதிவிடுங்கள். டெயில்விண்ட் 4-இல் ரெஃபரன்ஸ் வரி சேர்க்காமல் அது அங்கே ஓடாது. குறிப்புகள் நிறைய என்றால் டெயில்விண்டின் டைப்போகிராஃபி ப்ளகினில் உள்ள ப்ரோஸ் கிளாஸ் மொத்தத்தையும் பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம்: வாடிக்கையாளர் எழுதும் எதையும் வடிகட்டாமல் வி-எச்டிஎம்எல்-இல் விடாதீர்கள்.

மற்ற விதிகளை மீற வைக்கும் இம்பார்ட்டன்ட் போட்டுத் தீர்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். டெயில்விண்ட் 4 தன் விதிகளை லேயர்களுக்குள் (முன்னுரிமைப் பிரிவுகளுக்குள்) வைத்திருக்கிறது. லேயருக்கு வெளியே நீங்கள் எழுதும் சாதாரண விதியே அதை வென்றுவிடும்.

மேலே உள்ள மெனுவுக்குப் புள்ளி வேண்டாம் என்று விட்டிருப்பீர்கள், சரி. ஆனால் லிஸ்ட்-ஸ்டைல் இல்லாத யுஎல்-ஐ சஃபாரியில், திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் பட்டியல் என்றே சொல்லாமல் போகலாம். பார்வையற்ற ஒருவர் ஐஃபோனில் மீன் வாங்க வந்தால் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. அந்த யுஎல்-இல் ரோல் என்பதற்கு லிஸ்ட் என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள்.