ஈனும் ஆட்டுக்கு ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தால் இழுக்கலாமா?

அரை மணி நேரமாக முக்கியும் ஒரு கால் மட்டுமே வெளியே தெரிகிறது, அதைப் பிடித்து இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அது முன்னங்காலா பின்னங்காலா, அதன் இணைக்கால் எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் இழுப்பதால்தான் பல குட்டிகள் இறக்கின்றன. ஆடு வளர்க்கத் தொடங்கிய புதிதில் நானும் வெளியே தெரிந்த இரண்டு கால்களைச் சேர்த்து இழுத்தேன். அவை இரு வேறு குட்டிகளின் கால்கள் என்பது ஒரு குட்டி போன பிறகுதான் புரிந்தது.

குளம்பிலிருந்து மேலே தடவிச் செல்லும்போது முதல் இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கினால் அது முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இயல்பான ஈற்றில் இரு முன்னங்கால்களும் அவற்றின் மேல் படிந்த மூக்கும் முதலில் வரும். பின்னங்கால்கள் இரண்டும் நீண்டு வந்தாலும் ஈன முடியும். ஆனால் தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும் என்பதால், இடுப்பு வெளிவந்தபின் தாமதிக்கக் கூடாது.

நகம் வெட்டி, சோப்பால் கழுவி, கையுறை அணிந்து, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தடவிக்கொண்டு கையை உள்ளே விடுங்கள். ஆடு முக்காத இடைவெளியில் குட்டியைச் சற்று உள்ளே தள்ளினால்தான் மடங்கிய காலையோ பின்னால் திரும்பிய தலையையோ நேராக்க இடம் கிடைக்கும். காலை நீட்டும்போது குளம்பை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது கருப்பையைக் கிழித்துவிடும். இழுப்பது ஆடு முக்கும்போது மட்டும், தாயின் பின்னங்கால்களை நோக்கிக் கீழ்முகமாக.

பதினைந்து நிமிடம் முயன்றும் நிலை மாறவில்லை என்றால் நான் கையை எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைத்துவிடுவேன். கருப்பை வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் விரியாதபோதும் அப்படியே. அங்கே பலம் காட்டுவதும், யாரோ சொன்னார்கள் என்று கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போடுவதும் கருப்பை கிழிவதில் முடியலாம். அறுவை சிகிச்சை தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

ஈற்றுக்கு முந்தைய மாதத்தில், குறிப்பாக இரண்டு மூன்று குட்டி சுமக்கும் ஆடு, தீனியை மறுத்துச் சோர்ந்து படுத்தால் அது ஈற்று வலி அன்று. பெரும்பாலும் சினைக்கால நச்சேற்றமோ (தீனிச் சத்து போதாமல் உடல் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் நச்சு சேர்வது) கால்சியம் குறைவோ ஆகும், அன்றே மருத்துவம் வேண்டும். கருச்சிதைவு நேர்ந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கர்ப்பிணிகளை அருகில் விடாதீர்கள். சில நோய்க்கிருமிகள் மனிதருக்கும் தொற்றும்.

குட்டி வெளிவந்ததும் இன்னொன்று உள்ளே இருக்கிறதா என்று வயிற்றின் அடிப்புறத்தை இரு கைகளாலும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். நஞ்சுக்கொடி தானாக விழட்டும்; பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழாவிட்டால், அதையும் இழுக்காமல் மருத்துவரிடமே விடுங்கள்.