ஏற்றப் பக்கத்தில் நான்கு அடி: மலையக வீதியில் சைக்கிளுக்கு இடம் கேட்பது எப்படி?

கேள்வி: கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றில் வசிக்கின்றோம். எமது பிள்ளைகள் சிலர் பிரதான வீதி வழியாகச் சைக்கிளில் பாடசாலைக்குச் செல்கின்றனர். தனியான சைக்கிள் பாதை அமைத்துத் தருமாறு பெற்றோர் அனைவரும் கையொப்பமிட்டு உள்ளூராட்சி மன்றத்துக்குக் கடிதம் கொடுத்தோம். "அது எமது வீதியல்ல" என்று பதில் வந்துள்ளது. இனி யாரிடம், எதைக் கேட்பது?

பதில்: உங்களுக்குக் கிடைத்த பதில் தட்டிக்கழிப்பாகத் தோன்றினாலும் சட்டப்படி சரியானதே. அவிசாவளையிலிருந்து அட்டன் ஊடாக நுவரெலியாவுக்குச் செல்லும் அந்த வீதி 'ஏ 7' எனப்படும் தேசிய வீதியாகும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கும், அவற்றுக்குக் கீழ்ப்பட்டவை உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியவை. ஆகவே உங்கள் கடிதம் செல்ல வேண்டிய இடம் அந்த அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளர் அலுவலகம். அதற்காக மன்றத்தை விட்டுவிட வேண்டாம். மாதாந்தக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவரைக் கொண்டு இது குறித்த தீர்மானமொன்றை நிறைவேற்றச் செய்து அதன் பிரதியையும் கடிதத்துடன் இணைத்தால், பெற்றோரின் வேண்டுகோள் மக்கள் பிரதிநிதிகளின் வேண்டுகோளாகவும் ஆகிவிடும்.

ஆனால் முகவரியை மட்டும் மாற்றி அதே கடிதத்தை அனுப்பினால், இம்முறையும் கைவிரித்துவிடுவார்கள். ஒரு பக்கம் வெட்டிய மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள வீதியில் தனிப் பாதை என்பது எளிதில் மறுக்கக்கூடிய கோரிக்கை. மேட்டை வெட்டி அகலப்படுத்துவதாயின் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு தேவைப்படும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையக வீதிகளுக்கு நேர்ந்ததைக் கண்ட எந்தப் பொறியியலாளரும் மேட்டில் கைவைக்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானதே.

கேட்க வேண்டியது, ஏற்றப் பக்கத்தில், அதாவது மேல்நோக்கிச் செல்வோர் பயன்படுத்தும் பக்கத்தில் மட்டும், ஏறத்தாழ நான்கு அடி அகலமான, உறுதியாக இறுக்கப்பட்ட வீதியோரம். இறக்கத்தில் வரும் சைக்கிள் ஏறக்குறைய வாகனங்களின் வேகத்திலேயே வருவதால் அவற்றுடன் சேர்ந்தே செல்ல முடியும். ஏற்றத்தில் நிலைமை வேறு. கியர் இல்லாத சைக்கிளை மிதிக்கும் பிள்ளை நடையை விடச் சற்றுக் கூடிய வேகத்திலேயே செல்லும். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி இடமும் வலமுமாக ஆடும். முடியாதபோது இறங்கித் தள்ளும்போது ஆளும் வண்டியும் அருகருகே இருப்பதால், பிடிக்கும் இடம் இன்னும் கூடும். பின்னால் வரும் பஸ் பொறுமையிழந்து முந்துவது பெரும்பாலும் முடக்கில்தான். எனவே உள்ள இடம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே போதுமானால் அது ஏற்றப் பக்கத்துக்கே உரியது.

வீதிக்குக் காப்பட் (தார்ப் படை) போடும் வேலையே இதற்கு வாய்ப்பான தருணம். பழைய காப்பட்டின் மேல் புதிய படை போடும்போது வீதி சில அங்குலம் உயர்கிறது. ஓரத்து மண் உயர்வதில்லை. லொறிக்கு ஒதுங்கி அந்த விளிம்பிலிருந்து இறங்கிய சைக்கிள் மீண்டும் ஏற முயலும்போது, முன்சில்லு விளிம்பில் உரசிச் சிக்கிக்கொள்ள, ஓட்டுபவர் வீதியின் உட்புறமாகவே சாய்ந்து விழுவார், அதாவது அடுத்த வாகனத்தின் முன்னால். ஆகவே காப்பட் வேலையின் மதிப்பீட்டிலேயே ஓரத்தைக் கிறவல் இட்டு நிரப்பி இறுக்குவதும், விளிம்பைச் சரிவாக முடிப்பதும் சேர்க்கப்பட வேண்டும் என எழுதுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் அடுத்த காப்பட் வரை காத்திருக்க நேரிடும். புயலில் சேதமடைந்த பகுதிகளின் புனரமைப்புக்கும் இது பொருந்தும்.

வடிகான்களை மூடுமாறு கேட்பதாயின், கழற்றித் துப்புரவு செய்யக்கூடிய கொங்கிறீட் பலகைகள் வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். நிரந்தரமாக மூடிய வடிகான் தேயிலை மலையிலிருந்து வரும் மண்ணால் அடைபட்டு, தண்ணீர் வீதிமேல் பாய்ந்து வீதியையே அரித்துவிடும். கம்பி மூடிகளானால் கம்பிகள் வீதிக்குக் குறுக்காக அமைய வேண்டும். நெடுக்காக இருந்தால் சில்லு உள்ளே இறங்கிவிடும்.

சென் கிளயர், டெவோன் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க நிறுத்தப்படும் வேன்கள் ஓரத்தை அடைத்துக்கொண்டால் அது பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்குரிய விடயம். அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். பாடசாலை முன்னால் வேகத்தைக் குறைக்கக் கோருவதாயின், சைக்கிளும் நடப்போரும் வாகனங்களுடன் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றரே உச்சமாக இருக்க வேண்டும் என்ற 2020 ஸ்டொக்ஹோம் பிரகடனத்தை மேற்கோள் காட்டலாம்.

எந்தக் கடிதத்திலும் கையொப்பங்களை விட எண்ணிக்கைக்கே பலம் அதிகம். பாடசாலை நாளொன்றில் காலை 6.30 முதல் 7.30 வரையும், பிற்பகல் 1.30 முதல் 2.30 வரையும் இருவர் நின்று, சைக்கிள்களையும் நடந்து செல்வோரையும் வாகனங்களையும் திசைவாரியாக எண்ணிக் குறிக்கட்டும். ஆபத்தான இடங்களைக் கிலோமீற்றர் கல்லின் இலக்கத்துடன் குறிப்பிட்டு, விளிம்பின் உயரம் தெரியும்படி அளவு நாடா வைத்துப் படமெடுங்கள். அந்தக் கற்களுக்கிடையே பதிவான விபத்துகளின் விபரத்தை, 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸாரிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஆனால் சிராய்ப்போடு முடிந்த விழுகைகள் பொலிஸுக்குப் போவதில்லையாதலால் அவற்றைப் பெற்றோரே ஒரு கொப்பியில் குறித்துவருவது நல்லது. ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று ஊர்வலம் போய்ப் படமெடுத்துக்கொள்வதில் எனக்கு அதிக நம்பிக்கையில்லை. அன்று பொறியியலாளரை அழைத்து அந்த ஏற்றத்தில் நடக்க வைப்பது மேல்.

லயத்திலிருந்து பிரதான வீதி வரையான தோட்ட வீதி தனிக் கதை. முன்பு தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் செலவிடுவதற்குச் சட்டத் தடை இருந்தது. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதோடு அத்தடை நீங்கியது. முகாமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற்று, டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வருமுன், ஓகஸ்ட் அல்லது செப்டம்பரிலேயே அந்தக் கோரிக்கையைக் கையளியுங்கள். கடிதங்கள் அனைத்தையும் தமிழிலேயே எழுதலாம். கையளித்ததும் திகதியிட்ட முத்திரையுடன் பிரதியொன்றை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.